லினக்ஸ் அப்கிரேடுக்குப் பின் திரையும் நெட்டும் போனால்: ஃபார்மேட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கோ, மின்ட் 21-லிருந்து 22-க்கோ மாறி, ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, திரை கருப்பாக நின்றுவிடுகிறது, அல்லது எழுத்தெல்லாம் பெரிதாகி ஜன்னல்கள் இழுத்து இழுத்து நகர்கின்றன. மற்றொன்று, வைஃபை ஐகானையே காணோம். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் புதிதாக லினக்ஸுக்கு வந்தவரின் கை நேராகப் பென்டிரைவைத் தேடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, கணினியும் நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) புதிய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) சேராமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் லினக்ஸ் ஓடும் கணினிகளில் பல, வாங்கி எட்டு பத்து வருடம் ஆனவை. திருப்பாதிரிப்புலியூர் டிடிபி கடையின் டெஸ்க்டாப், அக்கா படித்து முடித்து தம்பிக்கு வந்த அரசு லேப்டாப், லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் செகண்ட் ஹாண்டில் வாங்கிய மெஷின். இவற்றை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உபுண்டு, மின்ட் இரண்டுக்கும் அப்படியே பொருந்தும். டெபியனுக்கும் வழி பெரும்பாலும் இதேதான், சில தொகுப்புகளும் (இன்ஸ்டால் செய்யும் மென்பொருள் பொதிகள்) கட்டளைகளும் மாறும்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். எழுத்தில் சந்தேகம் வந்தால் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை இரண்டு முறை அழுத்துங்கள். கணினியே மீதியை நிரப்பும், அல்லது பொருந்தும் கட்டளைகளைக் காட்டும்.

ஏன் இப்படி ஆகிறது

22.04 வெளிவந்தபோது அதில் இருந்த கெர்னல் 5.15. 24.04-இல் அது 6.8. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், கெர்னல் மாறும்போது அவையும் கூடவே மாறிக்கொள்ளும். சிக்கல் வெளியிலிருந்து வந்து ஒட்டும் டிரைவர்களில்தான். என்விடியாவின் சொந்த டிரைவர், பிராட்காம் வைஃபை டிரைவர், யாரோ இணையத்தில் சொன்னதைப் பார்த்து நீங்களே கம்பைல் செய்து போட்ட ரியல்டெக் டிரைவர் எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு கெர்னலுக்கும் இவற்றைத் தனியாகக் கட்டியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிகேஎம்எஸ் என்ற கருவி. அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் தேவை. ஹெடர் இல்லாவிட்டாலும், டிரைவரின் நிரல் புதிய கெர்னலுக்குப் பழையதாகிப் போயிருந்தாலும் கட்டும் வேலை பாதியில் நின்றுவிடும். திரையில் அது ஒரு ஓரத்தில் வந்து போகும். நாம் கவனித்திருக்க மாட்டோம்.

ஆகவே, புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பழைய கெர்னலில் இது வேலை செய்கிறதா?

முதல் வேலை: பழைய கெர்னலில் நுழைவது

அப்கிரேடு செய்தாலும் பழைய கெர்னல் உடனே போய்விடாது. கணினியை ஆன் செய்து, கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். கிரப் (கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் நிரல்) மெனு வரும். எஸ்கேப்பை அதிகம் தட்டிவிட்டால் மெனுவுக்குப் பதிலாக கிரப் என்று எழுதிய கட்டளைத் திரை வந்து நிற்கும். பயப்படாதீர்கள், நார்மல் என்று தட்டி எண்டர் கொடுத்தால் அதிலிருந்து வெளியே வரலாம்.

மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரியைத் திறந்தால் கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும். ரெக்கவரி மோட் என்று எழுதாத, எண்ணில் சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திரையும் நெட்டும் திரும்பி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிக்கல் புதிய கெர்னலுக்கான டிரைவரில் என்பது தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவசர வேலை இருந்தால் அதைப் பழைய கெர்னலிலேயே முடித்துவிட்டு, சாயங்காலம் நிதானமாக உட்காரலாம். கடையில் ஆள் காத்திருக்கும்போது டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பழைய கெர்னலிலும் அதே சிக்கல் என்றால், அமைப்புக் கோப்புகளிலோ பாதியில் நின்ற இன்ஸ்டலேஷனிலோ கோளாறு. என்விடியா மட்டும் இதற்கு விலக்கு. அதில் கெர்னலுக்குள் ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி என்று இரண்டு உண்டு. வெளிப்பகுதி அப்கிரேடில் மாறிவிடுவதால், பழைய கெர்னலில் போனாலும் இரண்டும் ஒத்துப்போகாமல் திரை வராமல் இருக்கலாம்.

எல்லாம் சரியாகும் வரை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளையைத் தொடாதீர்கள். அப்கிரேடு முடியும் நேரத்தில் பழைய தொகுப்புகளை நீக்கவா என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பழைய கெர்னலை அதுதான் துடைத்துவிடும்.

எந்தக் கெர்னலிலும் திரை வரவில்லை என்றால்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரையில் லாகின் கேட்டால், கணினி உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, படம் வரைவது மட்டும்தான் நின்றிருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய் எல்லா வேலையையும் அங்கிருந்தே செய்யலாம். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. அது இயல்பு.

அதுவும் வராவிட்டால் கிரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போனால் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (ஒரே சொல்லாக, nomodeset) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். மங்கலாக, மெதுவாக, குறைந்த ரெசல்யூஷனில் ஒரு திரை வரும். இது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். வேலை செய்கிறதே என்று இதை கிரப் அமைப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் கெர்னலோடு வரும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் ஏறாது. வீடியோ பார்த்தாலே சிபியு கொதிக்கும். அடுத்த அப்கிரேடில் இந்த வரி இருப்பதே மறந்து போயிருக்கும்.

மின்சாரம் பாதியில் போயிருந்தால்

நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மழைநாளில் அப்கிரேடைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடுவில் நின்றுவிட்டது என்றால், உள்ளே போனதும் முதல் கட்டளை 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' (சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்). அடுத்து 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. டிரைவர் கோளாறு என்று நினைத்தது பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியே 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து பூட் பகுதி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னதாக ஒரு பூட் பகுதி தனியாக வைத்திருக்கும் கணினிகளில் அது நிரம்பி, புதிய கெர்னலின் கோப்புகள் முழுதாக எழுதப்படாமல் போவதுண்டு. நிரம்பியிருந்தால் அங்கே இருக்கும் மிகப் பழைய கெர்னல் தொகுப்பை மட்டும் பெயர் சொல்லி நீக்குங்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று 'யூநேம் -ஆர்' காட்டும், அதைத் தொடாதீர்கள்.

நெட்டை முதலில் கொண்டுவாருங்கள்

கிராஃபிக்ஸைச் சரிசெய்யத் தொகுப்புகள் இறங்க வேண்டும், அதற்கு நெட் வேண்டும். ஆகவே இரண்டும் போயிருந்தால் நெட்டில் தொடங்குங்கள். இதற்கு எளிய வழி கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு கேபிள் இணைப்பாகவே பார்க்கும், பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் இது நடக்காது, டேட்டா கேபிள் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது டெதரிங் செய்தால் அந்த வைஃபையே கணினிக்குப் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும் என்விடியா டிரைவருக்கு இது பெரிய உதவி.

நெட் வந்ததும் 'சுடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக் லினக்ஸ்-ஃபர்ம்வேர்' கொடுங்கள். ஜெனரிக் தொகுப்பு கெர்னலையும் ஹெடரையும் கூடுதல் மாட்யூல்களையும் (கெர்னலில் செருகும் டிரைவர் துண்டுகள்) சேர்த்துக் கொண்டுவரும். ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள் ஏற்றப்படும் நிரல். உபுண்டுவில் நிறைய வைஃபை டிரைவர்களும் சவுண்ட் டிரைவர்களும் இருப்பது மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற அந்தக் கூடுதல் தொகுப்பில்தான். வைஃபையும் சவுண்டும் ஒரே நேரத்தில் போயிருந்தால் அது இல்லை என்பதே என் முதல் சந்தேகமாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

வைஃபை இன்னும் வரவில்லையா

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். சாஃப்ட் பிளாக்டு என்பதற்கு எதிரே யெஸ் என்று வந்தால் 'சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்'. ஹார்ட் பிளாக்டு யெஸ் என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்ச், அல்லது விசைப்பலகையில் விமானம் போட்ட விசை. கணினியில் விண்டோஸும் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு முழுதாக ஷட்டௌன் செய்யுங்கள். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் வைஃபை கார்டைப் பிடித்து வைத்திருப்பதுண்டு.

அடுத்து 'எல்எஸ்பிசிஐ -கே'. நீளமாக வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, கோளாறு அமைப்பில். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. யுஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி இதில் தெரியாது, அதற்கு 'எல்எஸ்யுஎஸ்பி'.

பிராட்காம் என்றால் உபுண்டுவில் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் என்ற தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். புதிய கெர்னலுக்கு அது அப்போதே கட்டப்படும். மிகப் பழைய பிராட்காம் சிப்களுக்கு பி43 ஃபர்ம்வேர்தான் சரி.

ரியல்டெக்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலிவு லேப்டாப்களில் நிறைய வரும் ஆர்டிஎல்8821சிஇ சிப்புக்கு ஒரு காலத்தில் கெர்னலில் டிரைவர் இல்லை. எல்லோரும் வெளியிலிருந்து ஒன்றை இறக்கி டிகேஎம்எஸ் வழியாகப் போட்டார்கள். லினக்ஸ் 5.9 முதல் கெர்னலிலேயே அதற்கு டிரைவர் வந்துவிட்டது. ஆனால் பழைய டிரைவரைப் போட்டபோது, கெர்னலில் உள்ளது குறுக்கே வரக் கூடாது என்று அதைத் தடைசெய்யும் வரி ஒன்றையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். இப்போது பழைய டிரைவர் 6.8-இல் கட்டப்படாமல் தோற்றுப்போகும், உள்ளிருக்கும் நல்ல டிரைவரோ தடையில் கிடக்கும். வைஃபை வராது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் அந்தப் பழைய டிரைவர் பட்டியலில் இருப்பது தெரியும். அதை நீக்குங்கள். பிறகு இடிசி கோப்புறைக்குள் இருக்கும் மோட்புரோப்.டி கோப்புறையில் பிளாக்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளைப் பார்த்து, ரியல்டெக் தொடர்பானதன் முன்னால் ஒரு # குறி போடுங்கள். 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுத்து ரீஸ்டார்ட். புதிதாக டிரைவர் தேடி அலைவதைவிடப் பழையதை எடுப்பதுதான் இங்கே மருந்து.

கேபிள் நெட், டிஎன்எஸ்

லேன் கேபிள் போட்டும் வரவில்லை என்றால் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். தேவனாம்பட்டினம், முதுநகர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றில் போர்ட்டின் பின்கள் பச்சை பூத்துப் போகும். அப்கிரேடு நடந்த அதே நாளில் கேபிளைக் கழற்றி மாட்டியிருப்பீர்கள், பழி லினக்ஸ் மேல் விழும். வேறு கேபிள், ரௌட்டரில் வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் நெட் இல்லையென்றால் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்'. இன்டர்ஃபேஸின் (நெட் இணைப்புச் சாதனம்) பெயருக்கு எதிரே அன்மேனேஜ்டு என்று இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை என்று பொருள். பழைய நெட்பிளான் (நெட்வொர்க் அமைப்பு) கோப்பு ஒன்று அதை வேறு சேவையிடம் ஒப்படைத்திருக்கும். நிலையான ஐபி கொடுத்து வைத்திருக்கும் கடைகளில் இன்னொன்றும் நடக்கும்: புதிய கெர்னலில் இன்டர்ஃபேஸின் பெயரே மாறிப்போய், அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரைத் திருத்தினால் போதும்.

'பிங் 8.8.8.8' பதில் தருகிறது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் இல்லை. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்து டிஎன்எஸ் சர்வர் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ போட்ட விபிஎன் மென்பொருள் விட்டுச்சென்ற அமைப்பு பெரும்பாலும் காரணமாக இருக்கும். நெட்வொர்க் அமைப்பில் உங்கள் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக் ஆக்கி, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இப்போது கிராஃபிக்ஸ்

செட்டிங்ஸில் கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்து கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் படம் வரையும் வேலையைச் சிபியு செய்கிறது, டிரைவர் ஏறவில்லை. 'எல்எஸ்பிசிஐ -கே' பட்டியலில் விஜிஏ அல்லது 3டி என்ற வரியைப் பிடியுங்கள். இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு அல்லது ரேடியான், என்விடியாவுக்கு நோவூ அல்லது என்விடியா என்று டிரைவர் பெயர் வர வேண்டும். சில லேப்டாப்களில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

இன்டெல், ஏஎம்டி என்றால் எந்தத் தளத்திலிருந்தும் டிரைவர் இறக்காதீர்கள். கெர்னலும் ஃபர்ம்வேரும் சரியாக இருந்தால் போதும், அதை மேலே போட்டுவிட்டோம். இன்னும் வரவில்லை என்றால் 'கேட் /புரோக்/சிஎம்டிலைன்' கொடுத்து, நோமோட்செட் என்ற சொல் எப்போதோ எழுதியபடி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடிசி கோப்புறையின் டிஃபால்ட் கோப்புறையில் உள்ள கிரப் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு 'சுடோ அப்டேட்-கிரப்'.

என்விடியாவுக்கு முதலில் பழையதை முழுதாக எடுக்க வேண்டும்: 'சுடோ ஆப்ட் பர்ஜ் "*என்விடியா*"'. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டும். ஒய் அழுத்தும் முன் அதை முழுதாகப் படியுங்கள், டெஸ்க்டாப் தொகுப்பு அதில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு 'உபுண்டு-டிரைவர்ஸ் லிஸ்ட்' உங்கள் கார்டுக்குப் பொருந்தும் பதிப்புகளைக் காட்டும், 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' சரியானதைத் தானே தேர்ந்தெடுத்துப் போடும். மின்ட்டில் டிரைவர் மேனேஜரில் கிளிக் செய்தாலே போதும். என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கிப் போடும் வழியைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஆப்ட்டுக்குத் தெரியாமல் அது உட்கார்ந்துகொள்ளும், அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி இதே கருப்புத் திரை.

ஜிடி 400, 500 வரிசையைச் சேர்ந்த பெரும்பாலான கார்டுகள் உள்ள பழைய டெஸ்க்டாப்களுக்கு ஒரு செய்தி: அவற்றுக்கான கடைசி டிரைவர் 390 வரிசை. அதற்கான ஆதரவை என்விடியா 2022-ஓடு நிறுத்திவிட்டது. புதிய கெர்னலில் அதைப் போடப் போராடாதீர்கள். கெர்னலோடு வரும் நோவூ டிரைவரே போதும். டிடிபி வேலைக்கும் பிரவுசிங்குக்கும் அது தாராளமாகத் தாங்கும். அந்தக் கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டில் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸில் மானிட்டரை மாட்டுவது இன்னும் நிம்மதி.

டிரைவர் பிழையில்லாமல் ஏறியும் வேலை செய்யவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்தால் எனேபிள்டா இல்லையா என்று சொல்லும். ஆன் ஆகியிருக்கும் கணினியில், கையெழுத்திடாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. டிகேஎம்எஸ் கட்டும் மாட்யூலுக்குக் கணினியே ஒரு சாவி உருவாக்கிக் கையெழுத்திடும். அப்போது உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் வரும். வைரஸோ என்று பயந்து 'கன்டினியூ பூட்' கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கன்டினியூ, யெஸ், அந்தக் கடவுச்சொல், ரீபூட் என்று போக வேண்டும். தவறவிட்டால் 'சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்து அந்தத் திரையை மறுபடி வரவழைக்கலாம். பிராட்காம் வைஃபைக்கும் இதே கதைதான்.

டிரைவர் சரியாக இருந்தும் லாகின் செய்தவுடன் திரை கருத்து மறுபடி லாகினுக்கே திரும்பினால், பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழ் மூலையில் வரும் பல்சக்கர ஐகானைத் தட்டி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கார்டுகள் சிலவற்றுக்கு எக்ஸ்ஆர்க்குக்குப் பதிலாக வந்த வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பு ஒத்துவருவதில்லை.

கேட்க ஆள் இருக்கிறார்கள்

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் ஒரு பென்டிரைவில் 'யூநேம் -ஆர்', 'எல்எஸ்பிசிஐ -கே', 'சுடோ டிஎம்இஎஸ்ஜி', 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' நான்கின் வெளியீட்டையும் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளைக்குப் பின் > குறியும் கோப்பின் பெயரும் போட்டால் திரைக்குப் பதிலாகக் கோப்பில் எழுதும். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. கடலூரிலிருந்து இரண்டுமே பஸ் தூரம்தான். 'நெட் வரல சார்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் மேலே எழுதிய எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். அந்த நான்கு கோப்புகளைக் காட்டினால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியானதும் புதிய கெர்னலில் ஒரு வாரம் ஓட்டுங்கள். பிரிண்டர், சவுண்ட், லேப்டாப்பை மூடித் திறப்பது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால் அப்போது 'ஆட்டோரிமூவ்' கொடுக்கலாம். அப்கிரேடின்போது அணைக்கப்பட்ட வெளிக் களஞ்சியங்களில் (உபுண்டுவுக்கு வெளியிலிருந்து தொகுப்பு தரும் இடங்கள்) உண்மையிலேயே தேவையானதை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இன்ஸ்டால் செய்து, நன்றாக ஓடும் இந்த நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அது சிஸ்டம் கோப்புகளுக்கு மட்டும்தான், உங்கள் போட்டோவுக்கும் கடைக் கணக்குக்கும் தனி பேக்கப் வேண்டும்.